கறுப்புச் சுவர்

மகள் தன் அறைச் சுவருக்குக் கறுப்பு வண்ணம் பூச விரும்பினாள். மற்ற மூவரும் கையை உயர்த்தி அதை மறுத்தோம்.

உயராத அவளுடைய கை மடியிலேயே கிடந்தது.

அது அவளுடைய சுவர். அதை வாக்கெடுப்புக்கே விட்டிருக்கக் கூடாது.

குறைந்தது இருவருக்கேனும் தத்தம் சொந்த விஷயம் ஒன்றில் முடிவுரிமை தந்து, எல்லோரும் ஒருமித்து விரும்புவதையும் ஏற்று, எவ்வகை விருப்பங்களுக்கும் முரணின்றி விடை தரும் சமூகத் தேர்வு விதி, அதாவது பலரின் விருப்பங்களிலிருந்து ஒரு பொது முடிவை எடுக்கும் முறை, இருக்க முடியாது என்று 1970இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் நிறுவினார்.

ஒரே டப்பா வண்ணம்தான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகனுக்கு எந்தச் சுவரும் கறுப்பாக வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், தங்கையின் அறையைவிடத் தன் அறை இருளட்டும் என்பான். அவளோ அண்ணனின் சுவரை முதலிலும் தன்னுடையதை அடுத்தும் விரும்புகிறாள். பூசாமல் விடுவது அவளுக்குக் கடைசி. அவன் உரிமைப்படி, அவன் சுவரில் பூசுவதைவிடப் பூசாமை மேல். அவள் உரிமைப்படி, பூசாமையைவிட அவள் சுவரில் பூசுவது மேல். ஆனால் அவள் சுவரைவிட அவன் சுவரே மேல் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். தேர்வு வட்டமாகச் சுழல்கிறது.

இதற்காகச் சென் சுதந்திரத்தைக் கைவிடவில்லை. ஒருமித்த விருப்பத்தை, அதன் பின்னுள்ள காரணத்தைப் பாராமல் விதியாக்குவதைத்தான் கேள்விக்குள்ளாக்கினார். அடுத்தவர் சுவரைப் பற்றிய என் விருப்பத்துக்கு அவருடைய விருப்பத்துக்குள்ள எடை எப்படி வரும்?

இரவு அவள் அறைக் கதவைத் தட்டி, வாக்கெடுப்பு செல்லாது என்று சொன்னேன்.