அல்கோஸ் என்றால் வலி

மாஸ்ரர் போய்விட்டார் என்ற செய்தி, இரவு வேலை முடிந்து சுவிஸின் பாசல் நகரில் ட்ராமுக்கு நிற்கும்போது கைபேசியில் வந்தது. எந்த மாஸ்ரர் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு வரும் இங்கிலிஷ் பாடம். கரும்பலகையில் 'அல்கோஸ்' என்று எழுதினார். கிரேக்கத்தில் வலி. கிரேக்கக் காவியமான இலியட்டின் இரண்டாம் வரியிலேயே அந்தச் சொல் வருகிறது என்றார். நரம்புவலி நியூரால்ஜியா, தசைவலி மயால்ஜியா, வலியைப் போக்குவது அனல்ஜெசிக். இன்னொரு சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நான் எழுந்து அல்ஜீப்ரா என்றேன். வகுப்பே சிரித்தது. மாஸ்ரரும் சிரித்துவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. மணி அடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

பின்னேரம் சைக்கிள் கொட்டிலுக்கு என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நான் சிரிச்சது பிழை. அல்ஜீப்ரா கிரேக்கம் இல்லை, அரபு. அல்-ஜப்ர். உடைஞ்சதைச் சேர்க்கிறது. முறிஞ்ச எலும்பைப் பொருத்துறதுக்கும் அதே சொல்தான். வலியிலயிருந்து நீ கனதூரம் போகேல்லை."

பதின்மூன்று வயதுப் பொடியனிடம் ஒரு ஆசிரியர் பிழையை ஒத்துக்கொண்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஜெர்மன் அரைகுறை. ஆனால் நோயாளர் கோவையில் நொயரால்கி, மியால்கி என்று இருந்தால் விளங்கியது. மருந்துப் பெட்டியில் அனல்கெட்டிகும் என்றிருந்தாலும் விளங்கியது. அந்தக் கரும்பலகைதான் எனக்குச் சோறு போட்டது.

அப்புறம்தான் அறிந்தேன், நொஸ்டால்ஜியா பிறந்தது இதே பாசலில். 1688இல் ஜோகன்னஸ் ஹோபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர், சுவிஸ் ஆட்கள் ஹைம்வே என்று சொல்லும் ஊர் ஏக்கத்தை நோயாகக் கருதி ஆய்வேடு எழுதினார். நொஸ்தோஸ் என்றால் வீடு திரும்புதல். அதோடு அல்கோஸைச் சேர்த்து நோய்க்குப் பெயர் வைத்தார். பேர்னில் இருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவனின் கதை அதில் உண்டு. சாகக் கிடந்தவன், ஊருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே தேறிவிட்டான்.

இப்போது பாசலில் இருந்து பேர்னுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் இதை மாஸ்ரருக்கு எழுதவேண்டும் என்று நினைப்பேன். ஊருக்குப் போகும்போது நேரிலேயே சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். 27 வருடம் தள்ளிவைத்தேன்.