டெக்சாஸில் ஆன்லைன் நோட்டரி ஆனேன்: சான்றிதழும் முத்திரையும் வாங்கிய கதை

டாலஸ் பக்கம் வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தரும் நோட்டரி வேலையைப் பகுதிநேரமாகச் செய்துவருகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாற்பது மைல் காரோட்டிப் போய் யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலாவது பத்திரத்தை விரிப்பது அலுத்துப்போய்த்தான், வீடியோவில் ஆளைப் பார்த்துக் கணினியிலேயே பத்திரத்தை அத்தாட்சி செய்யும் ஆன்லைன் நோட்டரிக்கு விண்ணப்பித்தேன். நண்பர்கள் பலர் எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

நம்ம ஊரில் நோட்டரி என்றால் அனுபவமுள்ள வக்கீல். இங்கே சட்டப் படிப்பே தேவையில்லை. 10,000 டாலருக்கு ஒரு பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்), 21 டாலர் விண்ணப்பக் கட்டணம், நான்கு வருட நியமனம். இந்தச் சாதாரண நோட்டரி நியமனம் கையில் இருந்தால்தான் ஆன்லைனுக்குப் போக முடியும். அமெரிக்காவில் இதை 2012இல் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது வர்ஜீனியா; டெக்சாஸில் 2018 ஜூலை முதல் நடக்கிறது. கட்டணம் தனியாக 50 டாலர். அதெல்லாம் சுலபம். விண்ணப்பிக்கும் முன்பே டிஜிட்டல் சான்றிதழும் எலக்ட்ரானிக் முத்திரையும் தயாராக இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள்.

முத்திரை ஒன்றுமில்லை. ரப்பர் ஸ்டாம்பில் இருப்பதுதான்: நடுவில் ஐந்து முனை நட்சத்திரம், சுற்றி ‘டெக்சாஸ் மாநில நோட்டரி பப்ளிக்’ என்ற வாசகம், என் பெயர், அடையாள எண், நியமனம் முடியும் தேதி. அதை ஒரு படமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படத்துக்கென்று ஒரு பாதுகாப்பும் கிடையாது. என் பழைய பத்திரம் ஒன்றை ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் அதை வெட்டி ஒட்டலாம்.

அதைத் தடுப்பது சான்றிதழ். நம் அடையாளத்தைச் சரிபார்த்து ஒரு நிறுவனம் தருகிற எக்ஸ்.509 என்ற பொதுத் தரத்தில் அமைந்த கோப்பு இது. அதோடு சேர்ந்த ரகசியச் சாவி நம்மிடம் மட்டுமே இருக்கும். பத்திரத்தில் ஒப்பமிடும்போது மென்பொருள் அதன் மொத்த உள்ளடக்கத்துக்கும் ஒரு கணக்கு போட்டு, அந்தச் சாவியால் பூட்டிவிடுகிறது. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று, ஒப்பமிட்ட மாதிரிப் பத்திரம் ஒன்றின் நகலை எடுத்து வேறொரு மென்பொருளில் திறந்து, தொகையில் ஒரு 3ஐ 8 ஆக்கினேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முத்திரை அப்படியே அழகாக உட்கார்ந்திருந்தது. ஆனால் பிடிஎஃப் படிக்கும் அக்ரோபாட் மென்பொருளில் திறந்ததுமே மேலே சிவப்புக் குறி; ஒப்பமிட்ட பிறகு பத்திரம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. அன்றைக்குத்தான் இந்தச் செலவு எதற்கு என்று எனக்கு விளங்கியது.

சான்றிதழ் வாங்குவதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். என் டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் முழுநீளத்துக்கு லாஸ்ட் நேமாக நிற்கிறது. நோட்டரி நியமனத்திலோ என் பெயருக்குப் பிறகு அந்த லாஸ்ட் நேம், நடுவில் கூடுதலாக ஓர் எழுத்து. சான்றிதழில் உள்ள பெயர் நியமனத்தோடு பொருந்த வேண்டும். சான்றிதழ் தரும் நிறுவனத்தின் மென்பொருளோ லைசென்ஸோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. திரும்பத் திரும்ப நிராகரிப்பு. மின்னஞ்சல் போட்டால், ‘தெளிவான புகைப்படம் அனுப்பவும்’ என்று ஒரே பதில். புகைப்படத்தில் என்ன கோளாறு? கடைசியில் ஃபோனில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. நியமனத் தாளின் நகலைக் கேட்டார், வீடியோவில் முகத்தைப் பார்த்தார், சரி என்றார். அவ்வளவுதான் விஷயம். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, லைசென்ஸில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருந்தால், நியமனத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே பெயரை நேர்செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இது உதவுமா என்று கேட்கிறார்கள். நோட்டரிதான் டெக்சாஸுக்குள் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடுபவர் உலகில் எங்கும் இருக்கலாம். இது உண்மை. ஆனால் நோட்டரிக்கு நேரில் பழக்கமில்லாதவர் என்றால் அடையாள அட்டைச் சோதனையோடு கேள்விச் சோதனையும் உண்டு. பழைய முகவரி, பழைய கார்க் கடன் என்று அமெரிக்கப் பதிவுகளிலிருந்து ஐந்து கேள்விகள். இரண்டு நிமிஷத்தில் குறைந்தது நான்குக்குச் சரியான பதில். இங்கே கடனே வாங்காத திருநெல்வேலி அப்பாவிடம் எதைக் கேட்பார்கள்? மறுபக்கம், இங்கிருந்து ஊர் நிலத்துக்குப் பவர் எழுதுபவர்கள் என்னிடம் வந்தால் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கே அனுப்பிவிடுகிறேன். காகிதத்தில் எழுதி, அத்தாட்சி வாங்கி, இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டுவதுதான் ஊர்ச் சார்பதிவாளர்களுக்குப் பழக்கப்பட்ட வழி. அவர்களிடம் பிடிஎஃப் கோப்பை நீட்டி வாதாட என்னால் ஆகாது.

வாங்கப் போகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். சான்றிதழின் காலாவதி தேதி வேறு, நியமனம் முடியும் தேதி வேறு. சான்றிதழ் முந்திக்கொண்டால் நடுவில் வேலை நின்றுபோகும். சாவிக் கோப்பையும் பாஸ்வேர்டையும் வேலை கொடுக்கும் கம்பெனி கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது உங்கள் ஒருவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது சட்டம். வருமானம்? வழக்கமான நோட்டரிக் கட்டணத்துக்கு மேல் ஓர் ஆன்லைன் ஒப்பத்துக்கு 25 டாலர் வரை வாங்கலாம். வீடியோத் தளத்துக்கான கட்டணம் போக மிஞ்சுவதைப் பார்த்தால், மாதம் ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள் என்றால் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.