குன்னூர் ஏற்றத்தில் என் ரோடு பைக்

குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் 19 கிலோமீட்டர் சாலை ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுகிறது; ஆகவே இங்கே ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, கியரைத்தான் என்று இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பின் உறுதியாகச் சொல்வேன். என் அலுமினிய சைக்கிளில் முன்புறச் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்புறப் பெரிய பல்சக்கரத்துக்கும் 34 பற்களே இருப்பதால், அந்தக் கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரே சுற்றுதான் சுற்றும். எல்லநள்ளி ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ள நேர்ந்ததில்லை.

ஹேண்டில்பார் சற்று உயரமாக இருப்பதால் முதுகு வலிப்பதில்லை. 28 மில்லிமீட்டர் டயர்களைக் கழற்றிவிட்டு 32 மில்லிமீட்டர் டயர்களைப் போட்டு, காற்றையும் 60 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்த பிறகு, ஒட்டுப்போட்ட தார்ச்சாலையின் அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வருவதே இல்லை. இவ்வளவு எளிய மாற்றம் இத்தனை சுகம் தருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால், கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் கவனம் வேண்டும். ஐப்பசி மழையில் அருவங்காட்டுக்கு இறங்கும்போது லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. பிரேக் கட்டை தேயத் தேயக் கம்பியை இறுக்க வேண்டும் என்பதை விற்ற கடையில் எவரும் சொல்லவில்லை. கோத்தகிரியில் இதே சைக்கிள் வைத்திருக்கும் நண்பருக்கும் இதே அனுபவம்தான். இப்போது ஒவ்வோர் இறக்கத்துக்கு முன்பும் லீவரை அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் கம்பியை இறுக்கும் திருகைக் கால் சுற்று முறுக்கிவிட்டே கிளம்புகிறேன்.