தானாக வேலையை விட்டவருக்கு என்ன கிடைக்கும்?

2025 மார்ச் 3, பொகவந்தலாவை, இலங்கை

பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) அக்கா மாலையில் வந்திருந்தார். 17 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கொழும்பில் மகளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வேலையை விட்டு நிற்கப் போகிறார். "தானா நிக்கிறவங்களுக்கு சர்விஸ் காசு கிடையாதாமே, தம்பி?" என்று பணிக்கொடையைப் பற்றிக் கேட்டார். தோட்டத்தில் இதை உறுதியாகச் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். உழைத்தவரின் காசைப் பறிக்கும் பொய் இது என்பதால் எனக்கு மிகுந்த கோபம் வந்தது.

2025 மார்ச் 4

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளியின் சம்மதமின்றி வேலைநீக்கம் செய்தால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி நட்டஈடு கோரலாம்; தானாக விலகியவருக்கு அது இல்லை. வேலையற்றோருக்கு மாதந்தோறும் கொடுக்கும் காப்புறுதித் திட்டமும் நம் நாட்டில் இல்லை. ஆனால் பணிக்கொடை, அதாவது சர்விஸ் காசு, வேறு கதை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஐந்து வருட சேவை முடிந்ததா என்று பார்க்கிறதே தவிர, நிறுத்தினார்களா, தானாக நின்றாரா என்று பார்ப்பதில்லை. மோசடி, கையாடல் போன்ற குற்றத்துக்காக நீக்கப்பட்டவரின் பணத்தில்தான் கைவைக்கலாம்.

நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின்படி 14 நாட் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயென்றால் வருடத்துக்கு 18,900. 17 வருடத்துக்கு 3,21,300 ரூபாய். தொகையைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அக்கா அதை வாங்கித் தானே மறுபடி கூட்டிப் பார்த்தார்.

2025 மார்ச் 6

சேமலாப நிதியை (சம்பளத்தில் தொழிலாளியின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) இப்போது எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது ஆக வேண்டும், அக்காவுக்கு 46. தோட்டம் மட்டும் செலுத்தும் 3 சதவீத நம்பிக்கை நிதியை வேலையை விட்ட பின் வயது பாராமல் கேட்கலாம். அடையாள அட்டையில் இருக்கும் முதலெழுத்து செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேடு) இல்லாததால் சத்தியக்கடதாசி ஒன்று முடிக்கச் சொன்னேன்.

2025 மார்ச் 10

விலகல் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதினோம். செக்ரோல் இலக்கம், சேர்ந்த வருடம், கடைசி வேலை நாள் மூன்றும் தெளிவாக இருக்கின்றன. பேசாமல் வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று அவருடைய மருமகன் சொன்னதை நான் ஏற்கவில்லை; கடிதமில்லாமல் நின்றவர் எந்தத் தேதியில் நின்றார் என்பதே பிறகு வழக்காகிவிடும். ஒரு பிரதியில் தோட்ட அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கியாயிற்று.

வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணிக்கொடையைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். தாமதத்துக்கேற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகவும் தோட்டமே கட்ட வேண்டும். முத்திரை குத்திய பிரதியை அக்காவிடமே கொடுத்திருக்கிறேன்.