எஸ் இல்லாத தாள்

"பத்து நாள் போதும்" என்றேன். முதலாளி கேட்டது அதுவல்ல. எங்கள் கடையில் பெயர்ப்பலகை எழுதிவந்த மேஸ்ட்ரோவின் கையெழுத்தைக் கணினியில் எழுத்துருவாக ஏற்ற முடியுமா என்றுதான் கேட்டார். முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லிவிட்டு நான் நகர்ந்திருக்கலாம். எத்தனை நாள் ஆகும் என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்காத அந்தக் கேள்விக்கு நான் முந்திக்கொண்டு சொன்ன பதில்தான் இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

போன மாதம் மேஸ்ட்ரோ இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பிரார்த்தனை அட்டையை அப்பாவின் எழுத்திலேயே அச்சடித்துத் தர முடியுமா என்று அவருடைய மகள் தொலைபேசியில் கேட்டார். முடியும் என்றேன். இந்த முறை நாள் கணக்குச் சொல்லவில்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில் எங்கள் கடை இருந்த பகுதியின் பேக்கரிகள், இறைச்சிக் கடைகள், சவ அடக்க நிலையங்கள் எல்லாவற்றிலும் அவர் கைதான். பலகையில் எனாமல், கண்ணாடிக் கதவில் தங்க ரேக்கு. கண்ணாடியின் உட்புறத்தில் ஜெலட்டின் கரைத்த நீரைப் பூசுவார். அகலத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துக்கொள்வார். கன்னத்து எண்ணெய்ப்பசைக்கு ரேக்கு ஒட்டிக்கொண்டு வரும். மூச்சு பட்டால் பறந்துவிடும். காலையிலிருந்து மாலைவரை பாடிக்கொண்டே இருக்கும் மனிதர். பாட்டு நின்றுவிட்டால் தங்கம் ஒட்டுகிறார் என்று தெரிந்துகொள்வோம். அந்த நேரத்தில் யாரும் கதவைத் திறக்க மாட்டோம்.

விளையாட்டுப் புத்தி அதிகம். உலர்ந்த பலகையின் ஓரத்தில் அசல் போலவே ஓர் ஈயை வரைந்துவிடுவார். பலகையை வாங்க வந்தவர் கையை வீசி விரட்டுவார், ஈ நகராது. மேஸ்ட்ரோ மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இத்தாலிய ஓவியர் ஜோத்தோ சிறுவனாக இருந்தபோது தன் குருவின் ஓவியத்தில், மூக்கின் மேல் ஈ வரைந்து அவரை ஏமாற்றியதாக, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி எழுதிவைத்த கதை உண்டு. "நாங்கள் அந்தப் பரம்பரை" என்பார். நானே இரண்டு முறை விரட்டியிருக்கிறேன்.

ஜூலை வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில், இத்தாலியின் நோலா ஊர்க்காரர்கள் 1903 முதல் எடுத்துவரும் ஜிலியோ திருவிழா. ஜிலியோ என்றால் லில்லி மலர். சிறைப்பட்டுப் போய்த் திரும்பிவந்த பாவ்லினோ என்ற ஆயரை நோலா மக்கள் லில்லிப் பூக்களுடன் எதிர்கொண்டார்களாம். அந்தப் பூதான் இப்போது ஏழெட்டு மாடி உயரக் கோபுரமாக, காகிதக் கூழில் செய்த பூக்களோடும் புனிதர்களோடும் நிற்கிறது. அடித்தட்டில் வாத்தியக் குழுவும் உட்கார்ந்திருக்க, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் அதைத் தோளில் தூக்கித் தெருவில் ஆடவைப்பார்கள். ஒருநாள் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். ஸ்ரீரங்கத்தில் சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளிடம் நான் பார்த்திருந்த அதே காய்ப்பு. திங்கட்கிழமைகளில், ஞாயிறு முழுக்க அடுப்பில் கிடந்த தக்காளிக் குழம்பைக் கொண்டுவருவார். அவர்கள் அதை 'கிரேவி' என்கிறார்கள். மறுநாள்தான் ருசி என்பார். மீன்குழம்பு தின்று வளர்ந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

முதலாளி கேட்ட அன்று மாலை நானே மேஸ்ட்ரோவிடம் போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை, அதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறேன். அவர் தூரிகையை எண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். "என் எழுத்தைத் திருடக் கேட்டுக்கொண்டு வந்த முதல் திருடன் நீதான் பையா" என்று சிரித்தார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள், எண்கள், எல்லாம் ஒரே இரவில் எழுதியவை. ஆருக்கும் டீக்கும் நடுவில் மட்டும் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.

"எஸ் எங்கே?"

"அதை மட்டும் நீ போட்டுக்கொள்."

இதுதான் நடந்தது. இதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. வேடிக்கை என்று அன்று நினைத்தேன். தொழில் கற்றுக்கொடுக்கிறார் என்று பிறகு நினைத்துப் பெருமைப்பட்டேன். ஏனென்றால் எழுதக் கடினமானது எஸ்தான். அதில் பிடித்துக்கொள்ள நேர்கோடு கிடையாது. மறுத்திருக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது மிகப் பின்னால். பழைய பலகை எதிலிருந்தாவது அவருடைய எஸ்ஸைப் படம் எடுத்திருக்கலாம். அவசரத்தில் அதைக்கூடச் செய்யவில்லை. கீழ் வளைவை வரைந்தேன். அதையே திருப்பி மேலே வைத்தேன். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கண்ணுக்குத் தலை கனத்துத் தெரியும். மேல் வளைவு ஒரு மயிரிழை சிறுத்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. ஒன்பதாவது நாள் முடித்துக் கொடுத்தேன்.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கூப்பிடுவதைக் குறைத்தார்கள், வாரம் மூன்று நாள், ஒரு நாள், பிறகு அதுவும் இல்லை. நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்திருப்பான். கணினி எழுத்தை வினைல் தாளில் வெட்டித் தரும் இயந்திரங்கள் 1980களிலேயே வந்துவிட்டன. மேஸ்ட்ரோ தாக்குப்பிடித்ததே அதிசயம். நானோ அமெரிக்காவில் படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதியில் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தவன். மதுரையில் ஃபிளெக்ஸ் பேனர் வந்தபோது சுவர் எழுதியவர்களுக்காக யாராவது இயந்திரத்தை நிறுத்தினார்களா? இப்படியெல்லாம் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது என்றும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளின் ஒவ்வொரு கோட்டையும் திரையில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகத் தொடர்ந்தவன் நான். அதில் நடுக்கம் இல்லை.

இப்போது அதே புரூக்ளினில் கையால் எழுதிய பலகைக்கு இளைஞர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

அட்டையின் முகப்பில் பாவ்லினோ புனிதரின் படம், கீழே அந்தப் புனிதரின் பெயர். இத்தாலிய மொழியில் புனிதர் என்பதற்கு 'சான்', எஸ்ஸில்தான் தொடங்கும். சரிசெய்ய நேரம் இருந்தது. மேல் வளைவைச் சற்றுச் சிறிதாக்கியும் பார்த்தேன். இன்றைக்குத் திருத்தினால் அது இன்னும் நன்றாகச் செய்த திருட்டுத்தானே என்று பழையபடியே விட்டுவிட்டேன். சோம்பலாகவும் இருக்கலாம்.

மகள் அட்டையை வாங்கி அந்த எஸ்ஸின் மேல் விரலை ஓட்டினார். "இந்த வளைவைப் பார்த்தாலே போதும், அப்பா கை" என்றார். நான் தலையை அசைத்தேன். ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

பிறகு, அவர் எழுதிய காகிதம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா, சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை, என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஈயோடு இருக்கிறது. கொடுத்தால் எஸ் எங்கே என்று கேட்பார். மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை அழைத்துவிட்டார்.