அந்த மெல்லிய வளைவு

பள்ளிக் கண்காட்சிகளுக்கு வானப் படங்கள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு ஏப்ரலில் கேட்டது ஒரே படம்தான்: துலிப் பூ வடிவில் ஒளிரும் வாயு மேகமான துலிப் நெபுலாவும் சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை இருக்கும் இடமும் ஒரே ஃபிரேமில்.

இரண்டும் இருக்கும் அன்னம் (சிக்னஸ்) விண்மீன் கூட்டம் முன்னிரவில் உச்சிக்கு வரும் மாதங்களில் நமக்கு மழைமேகம். அதனால் சித்திரையில், பின்னிரவில்தான் பிடிக்க வேண்டும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பர் ஒருவரின் கொல்லையில், தொலைநோக்கியைத் தாங்கி வானோடு சேர்த்துத் திருப்பும் மவுண்டை நிறுத்தினோம். இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலே முக்காலுக்குக் கிழக்கு வெளுத்துவிடும். ஒவ்வொரு எக்ஸ்போஷரும் 5 நிமிடம். ஆறு இரவில் சேர்ந்தது பன்னிரண்டு மணி நேரம்.

துலிப் சிரமம் கொடுக்கவில்லை. ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டரில் முதல் ஃபிரேமிலேயே இதழ் விரித்து நின்றது. கருந்துளை இருக்குமிடத்தில் தெரிவது ஒரு புள்ளி. அதுவும் அதன் துணை விண்மீன். இரண்டும் 5.6 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அங்கிருப்பது கருந்துளை அல்ல என்று 1974-ல் சக இயற்பியலாளர் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 1990-ல் தோல்வியை ஒப்புக்கொண்டார். கருந்துளைக்குச் சூரியனைப் போல் 21 மடங்கு நிறை, சுமார் 7,200 ஒளியாண்டுத் தொலைவு என்பது 2021-ல் வந்த கணக்கு.

நான் தேடியது அந்தப் புள்ளியை அல்ல. துணை விண்மீனிலிருந்து இழுத்த வாயுவில் ஒரு பகுதியைக் கருந்துளையின் சுற்றுப்புறம் தாரையாக வெளியே பீய்ச்சுகிறது. அது விண்வெளி வாயுவில் மோதி ஒரு வளைவை உண்டாக்கியிருக்கிறது. 2005-ல் ரேடியோ தொலைநோக்கியில்தான் அதை முதலில் கண்டார்கள். இருட்டுக்குள் இருக்கும் ஒன்று தன் கைப்பட எழுதிய ஒரே வரி அது. ஆக்ஸிஜனின் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரில், நகக்கீறல் மாதிரி தெரியும்.

அதைத்தான் அழித்துவிட்டேன். மலையடிவார ஊர்களின் வெளிச்சம் படத்தின் ஒரு மூலையில் ஏறியிருந்தது. அதை நீக்க, மென்பொருளில் பின்னணியைச் சமன்செய்யும் கருவியை ஓடவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது; எனக்கே பெருமையாக இருந்தது. உதவிக்கு வந்த தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நேத்து இங்க ஒரு கோடு இருந்துச்சே?" என்றான். வளைவையும் அழுக்கென்று எண்ணிக் கருவி துடைத்திருந்தது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பின்னணிக்கான மாதிரிப் புள்ளிகளை வளைவை விட்டு விலக்கி, ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். ஆனாலும் சந்தேகம்: இருக்கிறது என்று தெரிந்தவன் கண்ணுக்கு எதுவும் தெரியும். முதல் மூன்று இரவுகளின் படங்களைத் தனியாகவும் அடுத்த மூன்றின் படங்களைத் தனியாகவும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். இரண்டிலும் அதே இடத்தில், அதே வளைவு. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

ஏற்பாட்டாளர்கள் அந்த இடத்தில் கறுப்பு வட்டம் ஒன்று வரைந்து தரச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குப் புரியுமாம். மறுத்துவிட்டேன். வளைவின் மேல் மட்டும் ஒரு சிறு அம்புக்குறி போட்டேன். ஃப்ளெக்ஸில் அடித்தபோது கோடு காணாமல் போனது. மேட் தாளில் மறுபடி அடித்து, பள்ளி வராந்தா வெளிச்சத்தில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தோம்.

"தெரியுதுண்ணா" என்றான் தம்பி.