பதினாறு வருஷத்துக்குப் பிறகு எழுதிய டெட்

2025 செப்டம்பர் 1 அன்று ஆசிரியர் அறையில் யாரும் மதியச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிடவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. நான் 2009இல் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் பட்டதாரி ஆசிரியை ஆனவள். டெட் கட்டாயமான 2010 ஆகஸ்ட் 23க்கு முன் சேர்ந்தவர்களுக்கு விலக்கு என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தோம். எனக்கு இன்னும் பன்னிரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி.

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் சரி, நவம்பர் 16 இரண்டாம் தாளை எழுதியே பார்ப்போம் என்று விண்ணப்பித்தேன். 150 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் கணக்கும் அறிவியலும் 60, தமிழ் 30, ஆங்கிலம் 30, குழந்தை உளவியல் 30. அறிவியல் பற்றிக் கவலையே இல்லை. பதினாறு வருஷமாக அதைத்தானே நடத்துகிறேன்!

அந்த நினைப்பை உடைத்தது ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள். ஒரு ராத்திரி அளவீட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே வைத்திருக்கும் பிளாட்டினம் இரிடியம் உருளையின் நிறை என்றேன். "அதெல்லாம் மாத்தியாச்சும்மா" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை, தேடிப் பார்த்தேன். 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு இலக்கணம் பிளாங்க் மாறிலி என்ற, இயற்பியலின் மாறாத ஓர் அளவை வைத்துத்தான். உருளைக்கு ஓய்வு கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஜூனில்கூட எட்டாம் வகுப்புக்கு அதே உருளையைக் கரும்பலகையில் படமாகப் போட்டிருந்தேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. வேறு என்னென்ன பழசைச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று நோண்ட ஆரம்பித்தேன். தனிம அட்டவணையின் ஏழாவது வரிசை 118 வரை நிரம்பி, கடைசியாகச் சேர்ந்த நான்கு தனிமங்களுக்கு 2016இல் பெயரும் வைத்துவிட்டார்கள். நான் இன்னும் தற்காலிகப் பெயர்களையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் நான் பயிற்சிக்குப் போகாதவள் இல்லை. வருஷாவருஷம் போயிருக்கிறேன். கருத்தாளர் திரையில் இருப்பதை வாசிப்பார், டீ வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். இணையவழிப் பயிற்சி என்றால் இன்னும் வசதி. வீடியோவை ஓடவிட்டு வெங்காயம் உரித்திருக்கிறேன். சான்றிதழும் வந்தது.

தேர்வு எப்படி என்றால், குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்ன அறிவு வளர்ச்சியின் நான்கு நிலைகளை மனப்பாடம் செய்தது உதவியது. ஆங்கிலம் திணறடித்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு ஓஎம்ஆர் விடைத்தாளின் வட்டங்களை நிரப்புவது தனி அவஸ்தை. பின் வரிசையில் என் பழைய மாணவி ஒருத்தி. "குட்மார்னிங் மிஸ்" என்று எழுந்து நின்றாள், அறையே திரும்பிப் பார்த்தது. விடைக்குறிப்பை வைத்து எண்ணியதில் 97 வந்தது. கிலோகிராம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஆசிரியர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இனி நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் உளவியல் கைடு உருப்போட வைப்பதற்குப் பதில், என் பாடத்தில் என்ன மாறியது என்று வருஷத்துக்கு இரண்டு நாள் யாராவது உட்கார்ந்து சொல்லட்டும்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் உருளைக் கதையைத் திருத்திச் சொன்னேன். முதல் பெஞ்ச் பையன் கை தூக்கினான்.

"அப்போ நான் எழுதுனதுக்கு மார்க் குறைப்பீங்களா மிஸ்?"